சுண்டலுக்கு ஒன்பது நாள் போதுமா?

நவராத்திரி வந்துவிட்டால் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சூழ்ந்த இல்லங்களில் நாளுக்கொரு பயறு அடுப்பேறுகிறது. கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பச்சைப்பயறு என்று கொலுக் காண வருவோர் கையில் மாலைதோறும் சுண்டல் விழுகிறது. விஜயதசமி கழிந்ததும் அந்தப் பயறுகள் மீண்டும் டப்பாவுக்குள் ஒளிந்துகொள்கின்றன. பாண்டி பஜாரில் மாலை வேளையில் பசியெடுக்கும் குமாஸ்தாவுக்கும் மாணவனுக்கும் எளிதில் அகப்படுவன எண்ணெயில் முழுகி எழுந்த பஜ்ஜியும், காற்றடைத்த பையிலுள்ள உருளைக்கிழங்கு வறுவலுமே. சுண்டல் தினசரிச் சிற்றுண்டியாக வேண்டுமென்பது நமது திடமான அபிப்பிராயம்.

இது நாக்கு ருசியைப் பற்றிய சில்லறை விவகாரமன்று. 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்திய ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. அரிசியில் புரதச் சத்து நூற்றுக்கு ஏழு பங்கு அளவே; உலர்ந்த பயறுகளிலோ இருபது பங்குக்கு மேல் உண்டு. இரும்புச் சத்தும் உண்டு. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் கிரகிப்பதில்லை. வைட்டமின் 'சி' சேர்ந்தால் கிரகிக்கிறது. பெஸன்ட் நகர் கடற்கரைச் சுண்டல்காரர் மேலே மாங்காய்த் துண்டுகளைத் தூவிக் கொடுக்கிறாரே, அவருக்கு யார் ரசாயனம் கற்பித்தார்கள்? வீட்டில் செய்வோர் பயறை முதல் நாளிரவே ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு வேகவைக்க வேண்டும். வயிற்று உப்புசம் குறையும். எலுமிச்சஞ் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும். கொதியில் அந்த வைட்டமின் அழிந்துபோகும்.

சுதேசியம் பேசும் அன்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் இறக்குமதியாகும் உலர்ந்த பட்டாணியில் பெரும்பகுதி கனடாவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் கப்பலேறி வருவது. நம் மானாவாரி நிலத்தில் குறைந்த நீரில் விளையும் கொள்ளுக்கும் தட்டைப்பயறுக்கும் என்ன குறை? அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகின்றன. கொள்ளு குதிரைத் தீனி என்னும் ஏளனத்தை நாம் என்று விடப்போகிறோமோ தெரியவில்லை.

ஏழைக்கு விலை தடையாக இருப்பது மெய்யே. அரிசியை இலவசமாக வழங்கும் ரேஷன் கடைகளில், மானிய விலைத் துவரம் பருப்போடு முழுப் பயறுகளையும் நிரந்தரமாகச் சேர்ப்பது சர்க்காரின் கடமை. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. ஜஸ்டிஸ் கட்சியின் அரசியலை ஒப்பாதவரும் அக்காரியத்தைக் குறைகூற முடியாது. அவர் பெயர் தாங்கிய தியாகராய நகரிலுள்ள மாநகராட்சிப் பள்ளிகளில் இன்று மாலை வகுப்புக்குத் தங்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தொன்னை சுண்டல் கொடுப்பது அசாத்தியமா?

கட்சித் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. காரியக் கமிட்டிக் கூட்டம் நடக்குமிடமெல்லாம் போண்டாவும் தேநீரும் வரவழைப்பது வழக்கமாகிவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு முதல் நாளிரவே இரண்டு படி கொண்டைக்கடலையை ஊறப்போட்டால் அந்தச் செலவும் குறையும்.