ஒரத்துப்பாளையம் அணையும் ஒரு மோடமும்

உலக ஜவுளி வணிகத்தை 30 ஆண்டுகள் கட்டிவைத்திருந்த கோட்டா முறை 2005 ஜனவரி முதல் தேதியோடு ஒழிந்தது. அதே மாதத்தில் பிஎஸ்என்எல் தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. டயல்-அப் மோடத்தின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே பையருக்கு மெயில் அனுப்பிப் பழகிய திருப்பூருக்கு இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறந்தன. கோட்டா போனதைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். கம்பிக்குள் வரிசையில் நின்ற தகவலைப் பற்றிப் பேசவில்லை. இந்த இருபது ஆண்டுகளாக வேகத்தைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம். தாமதத்தை யாரும் கவனிப்பதில்லை.

அரசு பிராட்பேண்டை அளந்ததும் வேகத்தை வைத்துத்தான். 2004 கொள்கையில் நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட். 2023இல் அந்த எண் 2 மெகாபிட் ஆனது. இன்று கம்பெனிகள் நூறு, இருநூறு மெகாபிட் வாங்குகின்றன. ஆனாலும், ஒரு மெர்ச்சண்டைசர் சாம்பிள் போட்டோக்களை ஏற்றத் தொடங்கியதும் பக்கத்து அறையில் பையரோடு வீடியோ காலில் இருப்பவரின் குரல் துண்டு துண்டாக உடைவது நின்றபாடில்லை. "லைன் ஸ்பீடு பத்தலை" என்று இன்னும் பெரிய பிளானுக்கு மாறுகிறார்கள். சில மாதம் போனால் பழைய கதையே திரும்புகிறது.

ட்ரங்க் கால் காலத்தில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். கூடுதல் காசு கொடுத்தவருக்கு முதல் இடம். கிடைத்த பின் அந்த லைன் முழுக்க அவருடையது. இணையத்தில் யாருக்கும் தனி லைன் கிடையாது. 1965இல் பிரிட்டனின் கணினி அறிவியலாளர் டொனால்ட் டேவிஸ் சொன்ன யோசனையின்படி, செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி ஒரே பாதையில் விடுகிறோம். கட்டிங் முடிந்த பீஸ்கள் நம்பர் சீட்டோடு பண்டில் பண்டிலாக லைனுக்குள் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்த மிஷின் மெதுவாக ஓடுகிறதோ அதன் முன்னால் பண்டில்கள் குவியும். குவிந்தால் அந்த மிஷின் வேகமாக ஓடிவிடாது. கடைசியாக வந்த பண்டில் அத்தனை நேரம் காத்திருக்கும், அவ்வளவுதான்.

மோடத்துக்குள்ளும் அப்படி ஒரு குவியல் உண்டு. 2005இன் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 256 கிலோபிட் போகும் லைனின் வாயிலில் 256 கிலோபைட் தேக்கிவைக்க இடம் இருந்து, அது நிரம்பியும்விட்டால், புதிதாக வரும் பொட்டலம் வெளியேற 8 நொடி ஆகும். குரல் அழைப்புக்கு 8 நொடி என்பது அழைப்பே இல்லை.

இடத்தைக் கூட்டினால் தீரும் என்பது பலரின் நம்பிக்கை. அதை 1985 டிசம்பரிலேயே கணினிப் பொறியாளர் ஜான் நேகல் உடைத்துவிட்டார். எல்லையே இல்லாத கொள்ளிடம் உள்ள கருவியைக் கற்பனை செய்யுங்கள் என்றார். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. வரிசை மிக நீண்டுவிட்டால் தன் முறை வருவதற்குள் ஒவ்வொன்றின் ஆயுளும் முடிந்துவிடும். கடைசியில் ஒன்றுகூடப் போய்ச்சேராது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நிஜமான நெரிசலே வந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கெஜம். நொடிக்கு 32 கிலோபிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. பதில் வரவில்லையே என்று ஒவ்வொரு கணினியும் அனுப்பியதையே மறுபடி மறுபடி அனுப்பி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதே ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வில் கோட்டா போடும் அதிகாரி யாரும் இல்லை. பொட்டலம் தொலைந்தது தெரிந்தால் அனுப்புகிறவரே தன் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொள்ள வேண்டும்; வழி திறந்ததும் மெல்ல ஏற்ற வேண்டும். யாரும் யாரையும் கண்காணிக்காத ஒரு வலைப்பின்னல் இந்தத் தன்னடக்கத்தால்தான் இன்றும் ஓடுகிறது. மனிதர் கட்டிய ஏற்பாடுகளில் இதைவிட மதிக்கத்தக்கது எனக்கு அதிகம் தெரியாது.

பொட்டலம் தொலையும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று அதே ஆண்டில் கேட்டவர்கள் கே.கே. ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும். இருவரும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர்கள். வரிசை நீளத் தொடங்கும்போதே பொட்டலத்தின் மேல் ஒரே ஒரு குறி இட்டு அனுப்பினால் போதும், அனுப்புகிறவர் அடங்குவார் என்றார்கள். 2001இல் ராமகிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய இணையத் தர ஆவணத்தில் அந்த வழி இடம்பெற்றது.

பிறகு மெமரி சிப் விலை சரிந்தது. பொட்டலம் தொலையக் கூடாது என்று மோடம் செய்தவர்கள் கொள்ளிடத்தைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். பொட்டலம் தொலையாததால் அனுப்புகிறவருக்குச் செய்தி போகவில்லை. அவர் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. 2010இல் கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே இந்த நோயைக் கண்டு, ஊதிப்போன கொள்ளிடம் என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்.

இங்கே எனக்கு ஒரத்துப்பாளையம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய அணை அது. கீழே ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் தரவேண்டியது, திருப்பூர்ச் சாயக் கழிவு போய் நிற்கும் தொட்டியாக மாறியது. கிணறுகள் உப்பாயின, வயல்கள் பாழாயின. கழிவு கண்ணுக்கு மறைவாக எங்கோ போய் நின்றதால், மேலே பட்டறை நடத்தியவர்களுக்கு அதன் வலி உறைக்கவில்லை. உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டபோதுதான் செய்தி வந்து சேர்ந்தது. ஒரு விவசாயியின் அழிவையும் கெட்டுப்போன வீடியோ காலையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. தேக்கம் செய்தியை மறைக்கும் என்ற ஒரு பாடத்தை நம் ஊர் எவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றது என்பதைத்தான் சொல்கிறேன்.

தூரத்தால் வரும் தாமதத்தை எவராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஐரோப்பாவுக்குப் போய்வர 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். நம் கண்டெய்னர்கள் வழக்கமாகப் போகும் எகிப்து வழியேதான் ஐரோப்பாவுக்கான பெரும்பாலான கடலடிக் கேபிள்களும் போகின்றன. 2008 ஜனவரி 30இல் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவே திணறியது. அவை நம் கையில் இல்லை. ஆபீஸ் மூலையில் இருக்கும் பெட்டி நம் கையில் இருக்கிறது.

ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கல்ஸும் 2012இல் தந்த கோடெல் என்ற முறை, எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 5 மில்லிநொடிக்கு மேலான காத்திருப்பு நீடித்தால் ஒன்றைக் கீழே போட்டு அனுப்புகிறவருக்குச் செய்தி சொல்கிறது. ஆகவே பனியன் கம்பெனி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டே, பொட்டலம் போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். மில்லிநொடிக் கணக்கு பல நூறுக்குத் தாவினால் பிளானை மாற்றாதீர்கள், ரவுட்டரை மாற்றுங்கள். கோடெலின் ஒரு வடிவமான எஃப்க்யூ-கோடெல் உள்ள ரவுட்டரை வைத்து, அதன் வேகத்தை லைன் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து அமையுங்கள். லைன் நிரம்பி ஓடும்போது தாமதம் எவ்வளவு என்று இணைப்பு விற்பவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். ஏற்றுமதியாளர் சங்கம் கேட்டால் இன்னும் நல்லது. எஃப்க்யூ-கோடெல் மென்பொருள் 2012 முதல் லினக்ஸில் இலவசமாக இருக்கிறது.