பம்ப் மேல் பழி போடாதீர்கள்

எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுக்காரரிடம் இருபது வயது தாண்டிய இன்ஜெக்‌ஷன் கார் ஒன்று இருக்கிறது. போன வாரம் மத்தியான வெயிலில் அது அடம் பிடித்தது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக்குக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் தீர்ப்பு எனக்கும் கேட்டது. “ஃபியூயல் பம்ப் போயிருக்கும் சார், மாத்திடலாம். டேங்க்கை இறக்கணும்.” பானெட் திறக்கப்படவில்லை. சாவியை ஆன் செய்தால் என்ன சத்தம் வருகிறது என்று ஒரு கேள்வி இல்லை. சாயங்காலம் அதே வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அதற்கும் பதில் தயாராக இருந்தது: “பம்ப் அப்படித்தான் சார், போகும், வரும்.”

பம்ப் மாற்றப்பட்டது. சில ஆயிரம் ரூபாய், கூலி தனி. மறுநாள் மத்தியானம் வண்டி மறுபடியும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றது. குற்றவாளி ரிலே.

இந்த ஊரில் இன்ஜெக்‌ஷன் வண்டி நின்றால் பம்ப், இழுக்கவில்லை என்றால் பம்ப், மிஸ்ஸிங் அடித்தால் அதற்கும் பம்ப். மெக்கானிக் மட்டுமல்ல, டீக்கடையில் நிற்பவர், மாமனார், பங்கில் காற்றடிக்கும் பையன் வரை எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இத்தனை பேர் சொன்னால் பாவம், பம்ப்புக்கே சந்தேகம் வந்துவிடும்.

ரிலே என்றால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. உள்ளே ஒரு காயில், ஒரு ஜோடி கான்டாக்ட். 1980களிலும் 90களிலும் வந்த ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களின் மெயின் ரிலே இந்த விஷயத்தில் உலகப் பிரசித்தம். 1998-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஹோண்டா சிட்டியிலும் அந்தக் குடும்பத்து ரிலேதான். டாஷ்போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டிக்குள் பம்ப்புக்குக் கரண்ட் போகும் வழியில் சால்டர் வைத்த புள்ளிகள் உண்டு. வருஷக்கணக்கில் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அந்தப் புள்ளிகளைச் சுற்றி முடி அளவு விரிசல் விழும். வெயிலில் நின்ற காருக்குள் சூடு ஏறினால் விரிசல் விலகும், பம்ப்புக்குக் கரண்ட் போகாது. சாயங்காலம் குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். மூடியைக் கழற்றி, சால்டரிங் அயர்ன் வைத்து ஈயத்தை உருக்கி விட்டால் வேலை முடிந்தது. இது தெரியாமல் எத்தனை நல்ல பம்ப்புகள் குப்பைக்குப் போயிருக்கும்!

மத்தியானம் நிற்கும், சாயங்காலம் ஓடும். இந்த ஒரு வரியைக் கேட்டதுமே கை டாஷ்போர்டுக்கு அடியில் போக வேண்டாமா? நம் ஆட்களின் கை டேங்க்குக்கு அடியில் போகிறது.

இத்தனைக்கும் வண்டியே வாய் திறந்து சொல்கிறது. சாவியை ஆன் செய்தால், செல்ஃப் அடிக்கும் முன்பே, பின் சீட் பக்கத்திலிருந்து இரண்டு வினாடிக்கு ஒரு ‘ம்ம்ம்’ கேட்கும். பிறகு நின்றுவிடும். “பாத்தீங்களா, ரெண்டு செகண்ட்ல நின்னுடுச்சு, பம்ப் வீக்” என்று விளக்கும் மேதைகளை நான் பார்த்திருக்கிறேன். ஐயா, அது நிற்கத்தான் வேண்டும். இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல் வராமல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால், விபத்தில் குழாய் அறுந்த வண்டி ரோட்டில் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் கண்ட்ரோல் யூனிட் ரிலேயை விட்டுவிடுகிறது. இன்ஜின் சுற்றுவதைச் சொல்லும் சென்சார் செத்தாலும் அந்த ரிலே பிடிக்காது. பம்ப் கம்மென்று இருக்கும். பம்ப் செத்ததாக அர்த்தமில்லை, ‘ஓடு’ என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக்கால ஃபோர்டு வண்டிகளில் இன்னும் ஒரு வேடிக்கை. மோதல் நேர்ந்தால் பம்ப்பை நிறுத்த ஒரு இனர்ஷியா ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். நம் ரோட்டுப் பள்ளத்தில் பலமாக இறங்கி எழுந்தாலே சில சமயம் அது தட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் பட்டனை விரலால் அமுக்கினால் வண்டி கிளம்பிவிடும். விரல் வைக்க வேண்டிய இடத்தில் இழுவை வண்டியை வரவழைப்பது நம் பண்பாடு.

“பைப்பைக் கழட்டிப் பாத்தாச்சு சார், பெட்ரோல் வருது, ஆனா பத்தல.” இது கார்புரேட்டர் காலத்து ஞானம். அந்த மெக்கானிக்கல் பம்ப்புகள் அரை பார் அழுத்தம்கூடத் தருவதில்லை. இன்ஜெக்‌ஷனில் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு ஏறக்குறைய 3 பார் வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து எப்படிச் சொல்வது? அதற்கு கேஜ் என்று ஒன்று உண்டு. எந்த ஒர்க்‌ஷாப்பிலாவது கேட்டுப் பாருங்கள். “இருந்துச்சு சார், ஒருத்தர் வாங்கிட்டுப் போனார்” என்பார்கள். கேஜ் இல்லாமல், இன்ஜின் சூடாக இருக்கும்போது, அழுத்தத்தில் நிற்கும் பைப்பைக் கழற்றுகிறவரின் பக்கத்தில் ஒருவர் பீடியோடு வேடிக்கை பார்ப்பார். அதைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களையும் விடுவதாயில்லை. பம்ப் சாக்கெட்டைக் கழற்றி, வெறும் வயரில் மீட்டரை வைத்து, “12 வோல்ட் வருது, அப்ப பம்ப்தான்” என்று அறிவிக்கிறார்கள். துருப்பிடித்த எர்த் வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். பம்ப் ஓடும்போது பார்த்தால்தான் அது 9-க்கு இறங்குவது தெரியும். 9 வோல்ட்டில் ஜப்பானிலிருந்து இறக்கிய புது பம்ப்பும் முனகத்தான் செய்யும். அப்போதும் மாற்ற வேண்டியது அந்த எர்த்தைத்தான், இல்லையென்றால் கான்டாக்ட் கருகிய ரிலேயை. மறுபடியும் ரிலேதானா என்கிறீர்களா? ஆமாம்.

ஸ்கேனர் பக்தர்கள் தனி. லேப்டாப்பை மாட்டி, “ஃபால்ட் எதுவும் இல்ல, அப்ப மெக்கானிக்கல், அப்ப பம்ப்” என்று முடிச்சுப் போடுகிறார்கள். ஸ்கேனர் படிப்பது ஓபிடியை, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாட்டை. இந்தியாவில் அது கட்டாயமானதே 2010 ஏப்ரலில்தான், அதன் இரண்டாம் கட்டம் 2013-ல். அதற்கு முந்தைய பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. இல்லாத சென்சார் எப்படிப் புகார் சொல்லும்?

இதில் பங்குக்காரர்கள் வேறு. எந்தக் கோளாறுக்கும் ஒரு சிறிய பாட்டிலை நீட்டுகிறார்கள், “இன்ஜெக்டர் கிளீனர் சார், ஊத்துங்க.” விரிசல் விட்ட ரிலேயை எந்தப் பாட்டில் ஒட்ட வைக்கும்? அந்தப் பங்கிலேயே இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கென்று வடிவமைக்கப்படாத பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ் என்ன ஆகும், டேங்க்கின் அடியில் இத்தனை வருஷம் படிந்த கசடு கிளம்பி ஃபில்டரில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. கலக்காத பெட்ரோலை எளிதில் கேட்டு வாங்கவும் முடிவதில்லை. பதினைந்து வருஷம் கடந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மட்டும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். அரசுக்கும் பழைய வண்டி என்றால் கசக்கிறது, ஒர்க்‌ஷாப்புக்கும் கசக்கிறது. பாதி வண்டிகள் “இனி செலவு பண்ணி பிரயோஜனமில்ல சார்” என்ற ஒரு வாக்கியத்தில் புதுப்பேட்டை காயலான் கடைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. அவற்றில் எத்தனை ஒரு ரிலேக்காகப் போயினவோ!

பம்ப் போகவே போகாதா என்று கேட்பீர்கள். போகும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் குளிர்விக்கப் பெட்ரோல் இல்லாமல் சீக்கிரமே போகும். அதை மீட்டரும் கேஜும் சொல்லட்டும், போனில் வந்த குரல் சொல்ல வேண்டாம்.

அடுத்த முறை வண்டி நின்றால் ரேடியோவை அணைத்து, ஜன்னலை ஏற்றி, சாவியை ஆன் செய்து பின் சீட் பக்கம் காது கொடுங்கள். சத்தம் இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், பிறகு ரிலேயை. பல வண்டிகளில் ஹாரனுக்கோ ஏசிக்கோ அதே மாதிரி இன்னொரு ரிலே அதே பெட்டியில் இருக்கும், இடம் மாற்றிச் செருகிப் பார்க்கக் காசு செலவில்லை. அதற்குப் பிறகும் ஒருவர் பம்ப்தான் என்றால், பம்ப் ஓடும்போது எத்தனை வோல்ட், எத்தனை பார் என்று கேளுங்கள். இரண்டு எண்களையும் சொல்லாதவரை டேங்க்கைத் தொட விடாதீர்கள்.