திருட்டுப் பிரதியில் ஒரு கற்கைநெறி

கல்முனைக் கரையில் கணினி வரைகலை கற்பிப்போரிடம் ஒரு கேள்வி: இல்லஸ்ட்ரேட்டர் கற்ற மாணவன் வீட்டில் எதில் பழகுவான்?

2013இல் அடோபி சந்தா முறைக்கு மாறிவிட்டது. மாதந்தோறும் கட்ட இயலாதவன் திருட்டுப் பிரதியைத் தேடுகிறான். உண்பதில் ஹலால் பார்க்கும் நாம் இதில் மட்டும் கண்மூடுகிறோம்.

2003 முதல் இன்க்ஸ்கேப் இலவசமாகக் கிடைக்கிறது. புள்ளிகளைப் பிடித்துக் கோட்டை வளைக்கும் வித்தை இரண்டிலும் ஒன்றே. ரெனோ நிறுவனப் பொறியியலாளர் பெசியே 1960களில் கார் வடிவமைக்கக் கையாண்ட கணிதம் எவரிடமும் சந்தா கேட்பதில்லை. யூனிகோட் தமிழும் கொம்பு இடம்மாறாமல் அதில் விழும். இன்னும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

அச்சகம் நான்கு வண்ணப் பிரிப்பைக் கேட்குமே என்பீர்கள். மெய்தான், அதில் இன்க்ஸ்கேப் பலவீனமானது. அதற்கு இலவச ஸ்கிரைபஸ் உண்டு. மருதமுனைச் சேலைக்கு ஒரு கரை வரையப் பழகும் பிள்ளைக்கு முதல் நாளே அச்சகக் கவலை எதற்கு?