தின்னாத சோற்றுக்குத் தலைவரி

ரொறொன்ரோவில் வாழும் என் மருமகன், ராத்தாவின் மூத்த மகன், சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு புளோரிடாவுக்குப் போகிறார்கள். ஐந்து இரவுகள் வோல்ட் டிஸ்னி வேர்ல்டின் விடுதியொன்றில் தங்கல். சவளக்கடையிலிருந்து மகனைப் பார்க்கப் போயிருக்கும் ராத்தாவும் கூடவே போகிறார். பயண முகவர் சாப்பாட்டுக்கும் முற்பணம் கட்டிவிடும்படி வற்புறுத்துகிறாராம். "மாமா, நீங்கள் கணக்குப் பார்க்கிறவர். கட்டலாமா?" என்பது கேள்வி.

'வேண்டாம்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினேன். மறுநாள் முகவரின் விளக்கக் கடிதம் முழுவதையும் எனக்கு அனுப்பி, "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். சொல்கிறேன். ஒரு மருமகனுக்கு எழுதுவதை எல்லோருக்குமாக எழுதிவிட்டால், கனடாவிலும் இலண்டனிலும் கத்தாரிலும் இதே யோசனையோடு இருக்கும் மற்ற மருமக்களுக்கும் பயன்படக்கூடும்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். 'டிஸ்னி டைனிங் பிளான்' என்ற இந்தத் திட்டம் 2005இல் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் பூங்காக்கள் மூடப்பட்டபோது நின்றுபோய், 2024 ஜனவரி 9இல் திரும்பி வந்தது. டிஸ்னி விடுதியில் தங்குவோர்க்கு மட்டும் உரியது. தங்கும் இரவுக்கு இத்தனை டொலர் என்று தலைக்குக் கட்டணம். மலிவான வகையில் ஓர் இரவுக்கு இரண்டு விரைவு உணவும் ஒரு சிற்றுண்டியும் கிடைக்கும். விலை கூடிய வகையில் அந்த இரண்டில் ஒன்று, மேசையில் அமர்ந்து பரிமாறப்படும் உணவாகும். இரண்டிலும் ஆளுக்கொரு குவளை தருவார்கள். திரும்பத் திரும்பக் குளிர்பானம் நிரப்பலாம். ஆனால் விடுதியில்தான் நிரப்பலாம், நாள் முழுவதும் வெயிலில் நடக்கும் பிரதான பூங்காக்களுக்குள் அந்தக் குவளை வெறும் சுமை.

2024இல் திரும்பி வந்தபோது மலிவான வகை பெரியவருக்கு 57.01 டொலர், பிள்ளைக்கு 23.83 டொலர். விலை கூடியது பெரியவருக்கு 94.28, பிள்ளைக்கு 29.69. அதன் பின்னர் பெரியவர் கட்டணங்கள் ஏறியிருக்கின்றனவே தவிர இறங்கவில்லை. ஆகவே இந்தப் பழைய விலையில் நான் போடும் கணக்கு முகவருக்குச் சாதகமானதுதான்.

என் மருமகன் வீட்டில் ஐந்து பேர்: அவர், மனைவி, ராத்தா, 11 வயது மகள், 7 வயது மகன். திட்டத்தின் கண்ணில் பிள்ளை என்பது 3 முதல் 9 வயது வரைதான். பத்தாவது பிறந்தநாள் வந்ததும் நீங்கள் பெரியவர். அரைத் தட்டு இடியப்பத்தை முடிக்க முக்கால் மணி நேரம் எடுக்கும் அந்தப் பெண்பிள்ளைக்கு அவளுடைய வாப்பாவின் கட்டணம். ஆக நான்கு பெரியவர், ஒரு பிள்ளை. மலிவான வகையில் ஓர் இரவுக்கு 251.87 டொலர், ஐந்து இரவுக்கு 1,259.35. விலை கூடிய வகையில் 2,034.05 டொலர். டொலருக்கு 300 ரூபாய் வைத்தால்கூட ஆறு இலட்சம் ரூபாய்க்கு மேல். சவளக்கடைப் பக்கத்தில் ஒரு போக வேளாண்மையை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது எத்தகைய தொகை என்று ராத்தாவிடம் கேட்டால் தெரியும்.

'கனடாவில் உழைப்பவருக்குச் சவளக்கடைக் கணக்கு எதற்கு?' என்று முகவர் கேட்கலாம். சரி, புளோரிடாக் கணக்கையே பார்ப்போம். விரைவு உணவுக் கடைகளில் ஒரு தட்டு பெரும்பாலும் 12 முதல் 18 டொலர். நடுவில் 15 என்று வைத்து இரண்டு தட்டு, ஏழு டொலருக்கு ஒரு சிற்றுண்டி, வரி எல்லாம் சேர்த்தாலும் ஏறத்தாழ 40 டொலர். தண்ணீர் கேட்டால் அந்தக் கடைகளில் இலவசமாகத் தருவார்கள். அப்படியானால் 57 எங்கிருந்து வருகிறது? மீதிப் பதினேழு டொலர் எதற்கு?

இங்கேதான் முகவரின் கடிதம் எழுதாமல் விட்ட வரி இருக்கிறது. ஒவ்வொரு உணவோடும் ஒரு பானம் உண்டு. 2018 தொடக்கம், 21 வயது நிரம்பியவர்களுக்கு அந்தப் பானம் பியராகவோ வைனாகவோ கொக்டெயிலாகவோ இருக்கலாம். ஒரு கிண்ணம் மதுவின் விலை சில வேளைகளில் ஒரு தட்டு உணவின் விலையைத் தொடும் இடம் அது. நாளுக்கு இரண்டு கிண்ணம் எடுப்பவர் திட்டத்தில் இலாபம் அடைகிறார், அதை நான் மறுக்கவில்லை. 'திட்டம் தன் விலையைத் தானே மீட்டுத்தரும்' என்று காட்டுவோர் பல வேளைகளில் அந்தக் கிண்ணத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் காட்டுகிறார்கள். ஆனால் கட்டணம் குடிப்பவருக்கும் குடியாதவருக்கும் ஒன்றே. தன் வாழ்நாளில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ராத்தாவிடமிருந்தும் அதே 57 டொலர் 1 சதம். பதிலுக்கு அவருக்குக் குளிர்பானம் எடுக்கலாம் என்பார்கள். ராத்தாவுக்கு நீரிழிவு. அவர் எடுக்கப்போவது தண்ணீர்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. 'அப்படியானால் ராத்தாவை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் எடுப்போம்' என்று மருமகன் எழுதியிருந்தார். முடியாது. ஒரே அறைப் பதிவில் இருக்கும் மூன்று வயதுக்கு மேற்பட்ட அனைவரும் அதே திட்டத்தை எடுத்தாக வேண்டும். காலையில் ஒரு துண்டுப் பாணும் வெறுந்தேநீரும், பகலில் ஒரு பிடி சோறு, இரவில் அதுவும் இல்லை என்று வாழும் மனுசிக்கும் தலைவரி உண்டு.

ஹலால் விடயத்துக்கு வருகிறேன். முகவர் 'அங்கே எல்லாம் கிடைக்கும்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். எல்லாம் கிடைக்கும் என்பதுதான் நம் சிக்கலே. ஹலால் இறைச்சி வேண்டுமானால் முன்கூட்டியே அறிவித்து, இன்ன உணவகத்தில் இன்ன நாளில் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அது சாத்தியம், செய்தவர்களும் உண்டு. ஆனால் மேசையில் பரிமாறும் உணவகங்களில் இடம் பிடிக்கவே அறுபது நாளைக்கு முன்னரே பதிவுகள் திறந்துவிடுகின்றன. திட்டத்துக்குப் பணம் கட்டியதால் மேசை உறுதியாகிவிடாது. இடம் கிடைக்காத நாளில் கையில் புள்ளி இருக்கும், தட்டில் மரக்கறியோ மீனோ இருக்கும். விலை குறைந்த சாப்பாட்டை எடுத்தாலும் கழிவது அதே ஒரு புள்ளிதான். இறைச்சிக்கான விலையை முன்னரே கட்டிவிட்டு இலைகுழையைத் தின்பதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதை ஏட்டறிவில் எழுதவில்லை. 2011இல் நானும் ஒரு முகவரின் பேச்சைக் கேட்டு, தென்கிழக்காசிய நகரமொன்றுக்குக் குடும்பத்தோடு போனேன். கேளிக்கைப் பூங்காவுக்கான நுழைவுச் சீட்டோடு சாப்பாட்டுச் சீட்டும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தார்கள். அந்தச் சீட்டு எந்தெந்தக் கடைகளில் செல்லும் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. நாம் சாப்பிடக்கூடிய கடை அந்தப் பட்டியலில் இல்லை. மனைவி கைப்பையில் வைத்திருந்த விசுக்கோத்தையும் வாழைப்பழத்தையும் ஒரு மரநிழலில் இருந்து தின்றோம். சட்டைப்பையில் ஆறு சீட்டுகள். ஊருக்கு வந்து முகவரிடம் கேட்டபோது, "பாவிக்காதது உங்கள் விருப்பம்தானே சேர்" என்றார். நாற்பதாண்டு பத்திரிகை வேலையில் எத்தனையோ அமைச்சர்களின் மறுப்பறிக்கைகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான ஒன்றை அதற்கு முன்னர் கேட்டதில்லை.

பாவிக்காதது. இந்த வியாபாரத்தின் உயிர்நிலை அந்தச் சொல்லில் இருக்கிறது. கல்முனையிலிருந்து கிட்டங்கியைக் கடந்து வயல்வெளிகளுக்கு நடுவே சவளக்கடைக்குப் போகிறவர்கள் அங்குள்ள சிறிய கடைகளில் நீளமான கொப்பிகளைக் கண்டிருப்பார்கள். அரிசி, சீனி, தேங்காய் எண்ணெய் எல்லாம் கொப்பியில் ஏறும். அறுவடை முடிந்ததும் கணக்குத் தீரும். தின்றதற்குத்தான் அங்கே காசு. கடைக்காரர் நம்மை நம்புகிறார், நட்டம் வந்தாலும் அவர் தலையில். அதே ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. கதிர் முற்றுமுன்னரே நெல்லுக்கு விலைபேசி முற்பணத்தை நீட்டுவார் ஒரு முதலாளி. அவசரத்துக்கு வாங்கியவர் அறுவடை நாளில் சந்தை விலையைக் கேட்டுத் தலையில் கைவைப்பார். முற்பணம் கைமாறும் இடத்தில் எதிர்கால விலையையும் விளைவையும் நன்கறிந்த பக்கம்தான் பெரும்பாலும் வெல்கிறது. ஒரு குடும்பம் ஐந்து நாளில் எவ்வளவு தின்னும், எத்தனை புள்ளிகளைப் பாவிக்காமல் விடும் என்று அத்தனை ஆண்டுக் கணக்கோடு அறிந்திருக்கும் நிறுவனம் ஒரு பக்கம். முதல் தடவை போகும் என் மருமகன் மறுபக்கம்.

மிஞ்சிய புள்ளிகள் விடுதியை விட்டு வெளியேறும் நாளின் நள்ளிரவோடு காலாவதியாகும். ஆகவே கடைசி நாளில் கடைகளுக்குள் புகுந்து, மீந்த சிற்றுண்டிப் புள்ளிகளுக்கு மிட்டாய்ப் பொதிகளை அள்ளிக்கொண்டு வருவது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதற்கு முந்திய நாட்களில் நடப்பது அதைவிடக் கவலையானது. பசியில்லாத பிள்ளையிடம் "காசு கட்டியாச்சு, சாப்பிடு" என்போம். பிள்ளை மறுத்தால் ராத்தா அந்தத் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். வீணாகப்போவதைப் பொறுக்காத தலைமுறை அது. கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருந்து, மெதுவாகத் தின்பவரின் பக்கம் இறைச்சித் துண்டைத் தள்ளிவிட்டு, கடைசிப் பருக்கைவரை துடைத்துத் தின்று வளர்ந்தவர். அவரைத் தலைக்கு இத்தனை தட்டு என்ற கணக்குக்குள் உட்கார வைத்தால், ஊர் திரும்பியதும் சீனி அளவைப் பார்க்கக் கிளினிக்குக்குத்தான் அழைத்துப்போக வேண்டும்.

முகவர் தரப்பில் நியாயமே இல்லையா? இரண்டு உண்டு. மிக்கி எலியும் இளவரசிகளும் மேசைக்கு வந்து பிள்ளைகளோடு படமெடுக்கும் விலை கூடிய விருந்துகளை நாள்தோறும் உண்ண எண்ணுபவருக்குத் திட்டம் கட்டுப்படியாகலாம். மற்றது, மருமகனே எழுதிய காரணம்: "ஒவ்வொரு கடையிலும் விலையைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்கு 'வேண்டாம்' சொல்ல விருப்பமில்லை மாமா." இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். விலைப்பட்டியலின் வலப்பக்கத்தை முதலில் படித்து வளர்ந்த பிள்ளை அவர். தன் பிள்ளைகள் இடப்பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறார். ஆனால் அந்த நிம்மதிக்கு இதைவிட மலிவான வழி இருக்கிறது. அதே 1,259 டொலரை டிஸ்னியின் பரிசு அட்டையில் போட்டுக்கொள்ளட்டும். அதுவும் முன்கூட்டிக் கட்டிய பணம்தான், அதிலும் பிள்ளைகள் விலை பார்க்காமல் கேட்கலாம். ஆனால் தின்றதற்கு மட்டும் கழியும். நள்ளிரவில் செத்துப்போகாது. மிஞ்சினால் மகளுக்கு ஒரு பொம்மை.

2026இல் 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குத் திட்டம் இலவசம் என்று அறிவித்ததைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார் முகவர். 'இலவசம்' என்ற சொல்லைக் கண்டால் சிவப்புப் பேனாவைத் தேடுவது ஆசிரியபீடத்தில் பழகிய வியாதி. பழைய விலையில் ஏழு வயது மகனுக்கு ஐந்து இரவுக்கு மிச்சமாவது 119 டொலர். பெரியவர் நால்வரிடம் தலைக்குப் பதினேழாகக் கூடுதலாகப் போவது 340 டொலர். தூண்டிலில் புழுவும் இலவசம்தான்.

முகவர் மறந்தும் எழுதாத இன்னொன்று: புளோரிடாப் பூங்காக்களுக்குள் நம் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, அங்கே சூடாக்க வேண்டிய உணவு கூடாது. மற்றப்படி பெரும்பாலும் தடையில்லை. இந்த உரிமை எல்லா ஊரிலும் இருந்ததல்ல. ஷாங்காய் டிஸ்னியில் வெளியுணவைத் தடுத்து வைத்திருந்தார்கள். 2019இல் தின்பண்டத்தோடு போய்த் தடுக்கப்பட்ட ஒரு சட்டக்கல்லூரி மாணவி வழக்குப் போட்டார். அந்த ஆண்டு செப்டெம்பரில் 50 யுவான் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது, விதியையும் மாற்றிக்கொண்டது. ஐம்பது யுவானுக்காக ஒரு பெண்பிள்ளை நீதிமன்றம் போய்ப் பெற்றது, புளோரிடாவில் கேட்காமலே கிடைக்கிறது. அதை விட்டுவிட்டுத் தலைவரி கட்டுவானேன்?

நுவரெலியாவுக்கு வேன் பிடித்துப் போகும்போது நம் ஊர்க் குடும்பங்கள் செய்வதை நினைத்துப்பாருங்கள். விடியற்காலையில் சமைத்துக் கட்டிய சோற்றுப் பார்சல், ஒரு பெரிய போத்தல் தண்ணீர், பிள்ளைகளுக்கு விசுக்கோத்து. அதைக் கண்டு முகஞ்சுளிக்கும் கொழும்பு நண்பர்கள் எனக்கு உண்டு. சுளிக்கட்டும். ஒர்லாண்டோ நகரில் ஹலால் உணவகங்களும் இறைச்சிக் கடைகளும் இருக்கின்றன. முதல் நாள் மாலையே தேவையானதை வாங்கி அறையில் வைத்துக்கொண்டு, காலையில் பாணும் முட்டையும், பகலுக்குக் கட்டிய சாப்பாடு, இரவில் விரும்பிய இடத்தில் விரும்பியதை உண்பது என்று போனால், பிள்ளைகள் ஒரு நாள் இளவரசியோடு விருந்துண்ணவும் பணம் மிஞ்சும்.

இவ்வளவையும் தொலைபேசியில் ராத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்தப் பூங்காவுக்குள்ள சுடுதண்ணிப் போத்தல் கொண்டுபோக விடுவாங்களா? எனக்கு நாலு மணிக்குத் தேத்தண்ணி வேணும்" என்றார். மருமகன் விசாரித்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார். திட்டத்துக்குப் பணம் கட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறாராம்.