ஸ்டீயரிங் பிடித்துத் தொங்குவதற்கல்ல

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் ‘டிராக் டே’ அன்று சொந்தக் காரோடு வருபவர்களில், புதியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டுவது என் வழக்கம். பிரேக் பேடு புதிதாக இருக்கும், டயரில் காற்று அளந்திருப்பார்கள். எப்படி உட்காருவது என்பதை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நல்ல டயர் போட்ட சாதாரண ஹேட்ச்பேக்கே, வேகமாக வளையும்போது 70 கிலோ ஆளை 50 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு பக்கவாட்டில் தள்ளும். கம்பெனி சீட் ஏறி இறங்க வசதியாகச் செய்யப்பட்டது. அந்தத் தள்ளலைத் தாங்காது. லெதர் உறை வேறு வழுக்கும். இடப்பக்கம் திரும்பினால் உடலுக்குக் கதவு தடுப்பு. வலப்பக்கம் திரும்பும்போது தோள் சாய எதுவும் இல்லை. உடனே கை ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்க ஆரம்பிக்கிறது. தொங்குகிற கையால் டயரின் பிடி தளர்வதை உணர முடியாது, பின்சக்கரம் நழுவினால் சட்டென்று திருப்பவும் முடியாது.

இதற்குத் தீர்வென்று பலர் நான்கு முனை பெல்ட் வாங்கி மாட்டுகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மோதலின்போது தோள்மேல் வரும் பட்டைகள் இடுப்புப் பட்டையை மேலே இழுக்க, உடல் அதனடியில் வழுக்கிப் போகும். பட்டை வயிற்றை அறுக்கும். பந்தயக் கார்களில் கால்களுக்கு நடுவே பட்டை வருவது இதனால்தான். கம்பெனி சீட்டில் அதற்கு வழியே கிடையாது. தோள்மேல் வரும் பட்டையைக் காரின் பின்தரையில் மாட்டினாலோ, மோதும் கணத்தில் அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். கார் கவிழ்ந்து கூரை அமுங்கினால் மூன்று முனை பெல்ட்டில் உடல் சாயக் கொஞ்சம் இடமுண்டு. நான்கு முனையில் நிமிர்ந்தபடியே கட்டுண்டிருக்கும். அடியில் வழுக்காதபடி வடிவமைத்த நான்கு முனை பெல்ட்களும் உண்டு. அவையும் குறிப்பிட்ட கார்களுக்கென்றே சான்று பெற்றவை. கூரையைத் தாங்கும் ரோல் கேஜ், பக்கெட் சீட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி எல்லாம் கூடி வரும் ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் உருவி மாட்டுவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதுதான்.

காரோடு வந்த பெல்ட்டையே இறுக்கலாம். முதுகை நன்றாகப் பதித்து உட்காருங்கள். தோள் சீட்டை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும்; பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும். பிறகு சீட்டைச் சற்றே பின்னால் தள்ளி, இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் எலும்பின் மேல் படியும்படி பெல்ட்டை மாட்டுங்கள். தோள்மேல் வரும் பட்டையை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். பூட்டிய நிலையிலேயே சீட்டை முன்னால் நகர்த்துங்கள், உடல் கச்சிதமாகப் பிணையும். பல கார்களில் இது போதும். சீட் தண்டவாளத்தில் ‘க்ளிக்’ என்று பதிந்ததா என்று அசைத்துப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். கிளட்ச் மிதிக்காத நேரமெல்லாம் இடது கால் ஓய்வுப் பலகையை ஊன்றியிருக்கட்டும். வலப்பக்க வளைவில் இடது முழங்கால் நடுக் கன்சோலில் முட்டுக் கொடுக்கட்டும். உடலைக் கால் தாங்கினால் கைக்கு ஓட்டும் வேலை மட்டும் மிஞ்சும்.

டிராக் டே நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள்: ஹெல்மெட்டைச் சோதிக்கும் இடத்திலேயே ஒவ்வொருவரையும் காரில் உட்கார வைத்து சீட்டையும் பெல்ட்டையும் பாருங்கள். சரியாக உட்காராதவரைத் தடத்துக்குள் விடாதீர்கள்.