வாப்பாவின் ரெக்கோட் பெட்டி



அலுமாரிக்கு மேலே வாப்பாவின் ரெக்கோட் பெட்டியும் நாகூர் ஈ. எம். ஹனீபாவின் இசைத்தட்டுகளும் கிடக்கின்றனவா? 2015இல் மறைந்த அவரின் குரலைப் பேரப்பிள்ளைகளும் கேட்கட்டுமே என்று உடனே ஓடவிட்டுவிடாதீர்கள். தேய்ந்த ஊசி தட்டின் தடத்தையே செதுக்கிவிடும். போன குரல் போனதுதான்.

ஊசியை மாற்றியும் சத்தம் வரவில்லையென்றால், அதைத் தாங்கும் காட்ரிஜைப் பாருங்கள். பழைய கிறிஸ்டல் காட்ரிஜுக்குள் இருப்பது ஒரு வகை உப்பு. ருவான்வெல்லை மழைக்கு அடுப்படி உப்பு படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? அதுவும் ஈரம் குடித்துச் செத்துவிடும். பதிலுக்குச் செரமிக் வகையைக் கேளுங்கள். காந்த வகைதான் உயர்ந்தது என்பார் கடைக்காரர். உண்மைதான், ஆனால் அது தருவது சில மில்லிவோல்ட் மின்சாரமே. நம் பழைய பெட்டியில் கிணற்றடிக் குரல்தான் கேட்கும்.

78 சுற்றுத் தட்டுக்கு ஊசிமுனை தடிப்பு, 33க்கும் 45க்கும் மெல்லியது. இரண்டு வகைத் தட்டும் இருந்தால் புரட்டிப் போடும் ஊசியாக வாங்குங்கள். அரக்கால் செய்த 78 தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கவே வேண்டாம், கரைந்துவிடும்.

கொழும்புக்குப் போகிறவரிடம் பழையதையே பஞ்சு சுற்றிக் கொடுத்தனுப்புங்கள். வாயால் சொல்லியனுப்பினால் வேறொன்றோடுதான் வருவார்! வந்ததும் முதலில் கீறல் விழுந்த ஏதாவதொரு தட்டில் வைத்துப் பாருங்கள். ஹனீபா பிறகு பாடட்டும்.