பெட்டியில் 2000 வாட்ஸ், பியூஸில் 420

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலை கேட்டவர்கள் பழைய காரையே துடைத்து வைத்துக்கொண்டார்கள். பதுளை, பசறை, ஹாலிஎல பக்கம் வீட்டு முற்றத்திலேயே ஸ்பீக்கர் மாற்றும் இளைஞர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானும் மாற்றியவன்தான்.

அண்மையில் வாங்கிய அம்ப்ளிபயரின் பெட்டியில் 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. பின்புறத்தில் இருப்பதோ 30 அம்பியர் பியூஸ். எஞ்சின் ஓடும்போது கிடைப்பது ஏறக்குறைய 14 வோல்ட். பெருக்கினால் 420 வாட்ஸ்; அதிலும் ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். கடைக்காரரிடம் கேட்டேன். “எல்லாரும் இப்பிடித்தான் நானா போடுற” என்றார். தோட்டத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முச்சக்கர வண்டிக்கு வாங்குபவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பாரா? ஆர்.எம்.எஸ். வாட்ஸை விலைச்சீட்டில் எழுத நமது வர்த்தகர்களுக்கு என்ன தடை?

இதைவிடப் பாரதூரமானது, பியூஸ் இல்லாமல் வயரை மட்டும் வெட்டிக் கொடுப்பது. பெட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். மலைப்பாதைக் குலுக்கலில் வயரின் தோல் உரிந்து பொடியில் பட்டால் தீதான். செம்பு பூசிய அலுமினிய வயரைச் செம்பென்று விற்பது வேறு கதை. பியூஸையும் தடித்த வயரையும் சேர்த்தே பில் போடுங்கள். வேண்டாம் என்பவருக்கு அம்ப்ளிபயரையும் கொடுக்காதீர்கள்.